வேஷம் கட்டுகிறவர்

சென்ற வாரம் எங்கள் மேட்டுப்பாளையத்துப் பள்ளியில் பல்கேரியா தேசத்தைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே 'குக்கெர்' என்றொரு வேஷக்காரன் உண்டு என்றேனோ இல்லையோ, வகுப்பே கொல்லென்று சிரித்தது. சோறு வேகும் பாத்திரம் நினைவுக்கு வந்துவிட்டது, பிள்ளைகள்மேல் குற்றமில்லை.

குக்கெர் ஆட்டுத்தோல் உடுத்தி, பயங்கரமான முகமூடி தரித்து, இடுப்பில் கனத்த மணிகளைக் கட்டிக்கொண்டு வீடுதோறும் ஆடி வருவான். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குமுன், பனி விலகி உழவு வரும் சமயம் அது. மணியோசைக்குத் துர்த்தேவதைகள் ஓடும். அவன் ஏர் பிடித்து விதைப்பதுபோல் நடித்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. பெர்னிக் வட்டாரத்தில் இதையொத்த வேஷங்கள் ஜனவரி 13, 14 தேதிகளில் வரும். அவ்விழாவை 2015-இல் யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

அப்போது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "எங்கப்பாவும் வேஷம் கட்டுவார், ஸார்" என்றான். வகுப்பு மறுபடி சிரித்தது. இந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தந்தை பகலெல்லாம் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். சிவராத்திரிக்கு மறுநாள், மாசி அமாவாசையில், காளியாகிவிடுவார். மேல்மலையனூரிலும் நம் புதுச்சேரி வட்டாரத்து அங்காளம்மன் கோயில்களிலும் அன்று மயானக் கொள்ளை அல்லவா? பிரமன் தலையைக் கிள்ளிய சிவனுடைய கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்ள, அம்மன் மயானத்தில் அதை நீக்கினாள் என்பது கதை. விரதமிருந்தவர்கள் முகத்தில் வர்ணம் பூசி, பம்பை முழங்க, சுடுகாடு நோக்கி ஆடிச் செல்வார்கள். குடியானவர்கள் தானியத்தையும் காய்கறியையும் அங்கே சூறைவிடுவார்கள். மாசியும் பல்கேரியரின் அந்தப் பருவமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருவதைக் கவனித்தீர்களா!

ஆனால் நம் பாஷையில் 'வேஷக்காரன்' என்றால் ஏமாற்றுக்காரன். வயிற்றுவலி என்று லீவு கேட்ட பையனை, "வேஷம் போடாதே!" என்று முந்தின நாள் அதட்டியவன் சாக்ஷாத் நானேதான். அந்தப் பிள்ளையோ 'போடுவார்' என்று சொல்லவில்லை; 'கட்டுவார்' என்றான். கூத்தாடுகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். காப்புக் கட்டுவதுபோல, கட்டிக்கொண்ட பிறகு இஷ்டப்படி அவிழ்ப்பதற்கில்லை. எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த இந்த வித்தியாசம், பி.ஏ. படித்த எனக்குத் தெரியாமற் போயிற்று.

கரும்பலகையில் 'குக்கெர்' என்று எழுதியிருந்ததன் பக்கத்தில், 'வேஷம் கட்டுகிறவர்' என்று எழுதினேன். பிறகு அந்தப் பையனை முன்னால் அழைத்து, அப்பா எத்தனை நாள் விரதம், என்ன சாப்பிடுவார், முகத்துக்கு வர்ணம் தீட்டுவது யார் என்று கேட்டேன். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.