டொமைன் யார் பேர்ல இருக்கு?

வெளிநாட்டுல தமிழ்ச்சங்கம் ஆரம்பிச்சா சீக்கிரமே ஒரு வெப்சைட்டும் வந்துடும். அங்க படிக்கற மாணவர் யாராவது ரெண்டு ராத்திரி உக்காந்து செஞ்சு குடுப்பார். படிப்பு முடிஞ்சு அவர் கிளம்பிடுவார். அப்புறம் ஒரு நாள் சைட் திறக்காது. பாஸ்வேர்ட் யாருகிட்டன்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்ப்பாங்க. நாலு வார்த்தையப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிட்டா இந்த நிலைமை வராதுங்க.

மொபைலை வச்சு சொல்றேன். டொமைன் உங்க நம்பர் மாதிரி. ஹோஸ்டிங் ஹேண்ட்செட் மாதிரி. அதாவது, நாள் பூரா ஓடற ஒரு கம்ப்யூட்டர்ல உங்க பக்கங்களை வைக்க வாடகை இடம். ரிஜிஸ்ட்ரார் சிம் விக்கற கம்பெனி. டிஎன்எஸ் எக்ஸ்சேஞ்ச்: பேரை அடிச்சா எந்தக் கம்ப்யூட்டருக்குப் போகணும்னு ஐபி எண்ணைத் தேடிக் குடுக்கும். 1983ல பால் மோகபெட்ரிஸ் வடிவமைச்சது, இன்னிக்கும் ஓடுது.

ஹேண்ட்செட் உடைஞ்சா வேற வாங்கலாம். நம்பரே போச்சுன்னா? அதனால என் கட்சி இதுதான்: சைட்டை யார் வேணா செய்யட்டும், எங்க வேணா வைக்கட்டும். டொமைன் மட்டும் சங்கத்துப் பேர்ல இருக்கணும்.

ஜெர்மனியில இது சுலபம். '.டிஇ' பெயர்களை பிராங்க்பர்ட்ல இருக்கற டெனிக்ங்கற கூட்டுறவு அமைப்பு நிர்வகிக்குது. ஹோஸ்டிங் கம்பெனி வழியா வாங்கினாலும் ஒப்பந்தம் டெனிக்குக்கும் உரிமையாளருக்கும்தான். கம்பெனி பிடிக்கலையா, 'ஆத்இன்ஃபோ' கோடு வாங்கிட்டு மாறிக்கலாம். நம்ம ஊர்ல நம்பர் போர்ட் பண்ண யூபிசி வாங்கற மாதிரியேதான். ஆனா அந்தக் கோடைக் கேக்கற உரிமை, உரிமையாளர்னு யார் பேர் பதிவாகியிருக்கோ அவருக்குத்தான். 2018 மே மாசம் ஐரோப்பிய தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, தனிநபர் பேர்ல இருக்கற டொமைனை ஹூஇஸ்ல தேடினா பேர் காட்டாது. உள்ள லாகின் பண்ணித்தான் பார்க்கணும்.

"இதெல்லாம் எதுக்கு, ஓசியில ஒரு பக்கம் போதாதா?"ன்னு கேக்கறவங்களுக்கு: ஜியோசிட்டிஸும் ஓசிதான். 2009 அக்டோபர்ல யாஹூ இழுத்து மூடினப்போ முகவரியும் சேர்ந்தே போச்சு. சொந்த டொமைன் இருந்தா பக்கங்களை வேற இடத்துக்கு மாத்திட்டு, பழைய முகவரியிலயே தொடர்ந்திருக்கலாம்.

காசு குடுத்துட்டா மட்டும் நிம்மதின்னும் இல்ல. 2021 மார்ச் 10, ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்துல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச் கம்பெனியோட டேட்டா சென்டர் ஒண்ணு முழுசா எரிஞ்சுது. பேக்கப்பையும் அங்கயே வச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் போச்சு. வாரம் ஒரு காப்பி எடுத்து வேற இடத்துல போட்டு வைங்க.

அடுத்த கமிட்டி மீட்டிங்ல பொங்கல் சாப்பாட்டுக் கணக்குக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. டொமைன் யார் பேர்ல? எப்போ புதுப்பிக்கணும்? பேக்கப் எங்க? செஞ்சு குடுத்த பையன் ஊருக்கு டிக்கெட் போடறதுக்குள்ள கேட்டுடுங்க :-)