ஒரு மீனுக்கு எத்தனை வீடுகள்?

லட்சத்தீவுக் கடலில் வாழும் நெப்போலியன் மீனின் குஞ்சுகள் முதலில் திறந்த கடலில் மிதக்கின்றன. பின்னர் ஆழமற்ற காயலின் கடற்புல்லிலும் கிளைப் பவளங்களிலும் ஒளிந்து வளர்கின்றன. வளர்ந்ததும் பவளத்திட்டின் வெளிச்சரிவுக்குச் செல்கின்றன. இனப்பெருக்கப் பருவத்தை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். பெண் மீன்களில் சில பின்னாளில் ஆணாக மாறும். எனவே, பெரிய மீன்களைப் பிடித்துவிட்டால் ஆண் மீன்கள் அருகிவிடும்.

அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் இம்மீன் 2004-இல் சேர்க்கப்பட்டது. 2022-இல் நாடாளுமன்றம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி அவ்வுடன்படிக்கைக்கு உள்நாட்டில் வலுவூட்டியது. வரவேற்கத்தக்கதே. ஆனால், வணிகத்தைத் தடுப்பது வேறு. வாழ்விடத்தைக் காப்பது வேறு. மீன் ஒரு பட்டியலில், பவளம் இன்னொரு பட்டியலில், கடற்புல்லோ கடலோர விதிகளில். மூன்றையும் பிணைக்கும் பார்வை எங்கே?

1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் அங்கே பவளங்கள் வெளுத்தன. இந்நிலையில், காயலில் எத்திட்டத்துக்கு அனுமதி அளிப்பதாயினும் புல் முதல் வெளிச்சரிவு வரை ஒன்றாகவே மதிப்பிட வேண்டும். லட்சத்தீவுக்குச் சட்டப்பேரவை இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர்தான். இக்கேள்வியை எழுப்பும் கடமை அவையில் உள்ள அனைவருக்கும் உண்டு.