அங்ககச் சான்றும் கிராமக் கட்டுப்பாடும்

நெல்லை வாங்குகிறவர் அந்நெல் விளைந்த வயலையும் அறிந்திருந்த காலத்தில் நற்சாட்சிப் பத்திரத்திற்கு வேலையில்லை. விளைவித்தவருடைய சொல்லே போதுமானதாயிருந்தது. இக்காலத்திலோ காஞ்சிபுரம் ஜில்லாவில் விளையும் நெல் அரிசியாகிச் சென்னைக்கும் அதற்கப்பாலும் செல்லுகின்றது. அதை வாங்கி உண்பவர் வயலையும் கண்டதில்லை, உழுதவரையும் கண்டதில்லை. ஆகையால், 'இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இடாமல் விளைந்தது' என்று ஒரு குடியானவர் சொல்லும் சொல்லுக்குப் பிறர் ஒருவருடைய உறுதி வேண்டியிருக்கின்றது. அவ்வுறுதிக்கே அங்ககச் சான்று என்று பெயர்.

இச்சான்றை நாடுவோர் வரவர அதிகரித்து வருகின்றனர். சர்க்காரும் இதற்கு ஊக்கமளித்து வருகின்றனர். 2007-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை ஏற்படுத்தப்பட்டது. 2015-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா என்னும் திட்டத்தைத் தொடங்கி, குடியானவர்கள் கூட்டாகச் சேர்ந்து அங்கக முறைக்கு மாறுவதற்குப் பொருளுதவி செய்தனர். 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு சர்க்கார் அங்கக வேளாண்மைக் கொள்கையையும் வெளியிட்டனர். எனினும், விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்புவதே சான்றுக்கு ஆயத்தம் என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. பெருநகரையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் ஆயத்தம் தொடங்க வேண்டிய இடம் மதகு. அதற்கடுத்தது குத்தகைச் சீட்டு. அதற்கடுத்தது கணக்குப் புத்தகம். விண்ணப்பம் இம்மூன்றுக்கும் பிற்பட்டதே.

சான்றின் இரு வழிகள்

ஒரு வழி, தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தார் வந்து தணிக்கை செய்து அளிப்பது. இத்திட்டம் 2001-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய விரும்புவோர்க்கு இவ்வழியே உரியது. இதன் விதிகளின் ஏழாம் பதிப்பு 2014-இல் வந்தது. ஒரு சங்கத்தில் 25 பேருக்குக் குறையாமலும் 500 பேருக்கு மேற்படாமலும் அங்கத்தினர் இருக்கலாமென்றும், நான்கு ஹெக்டேரும் அதற்கு மேலும், அதாவது ஏறக்குறையப் பத்து ஏக்கரும் அதற்கு மேலும், உடையவர்களின் நிலங்களை வெளித் தணிக்கையாளரே ஆண்டுதோறும் தனியே பார்வையிட வேண்டுமென்றும் அப்பதிப்பு வகுத்தது. எட்டாம் பதிப்பு 2025 ஜனவரியில் வெளிவந்துள்ளது. சங்கம் சட்டபூர்வமான அந்தஸ்து உடையதாக இருக்க வேண்டுமென்பது அதன் முக்கியமான மாறுதல். ஆகையால் பழைய துண்டுப் பிரசுரங்களை நம்பி ஆயத்தம் செய்பவர் ஏமாற்றமடையக்கூடும்.

மற்றொரு வழி, பங்கேற்பு உறுதியளிப்பு முறை என்பது. இந்திய சர்க்கார் இதனை 2011-ஆம் ஆண்டில் வகுத்தனர். இம்முறையில் ஐந்து குடியானவர்கள் சேர்ந்தாலும் ஒரு குழுவாகலாம். ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டுத் தீர்ப்பளிப்பர். வட்டாரக் குழுமம் அதனை ஆராய்ந்து ஒப்புதல் தரும். மாறுதல் காலத்தில் பச்சை முத்திரையும், மாறுதல் முடிந்தபின் அங்கக முத்திரையும் கிடைக்கும். செலவு சொற்பம், ஆனால் உள்நாட்டு வியாபாரத்திற்கே செல்லும். பிரேசில் தேசத்தில் இதைப் போன்ற முறைக்கு 2003-ஆம் ஆண்டில் சட்டத்திலேயே இடமளிக்கப்பட்டது. சிறு குடிகள் தமக்குள் தாமே கண்காணிப்பது நம்பத்தக்கதா என்று ஐயுறுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். நெல்லை உள்நாட்டிலேயே விற்க எண்ணும் சிறு குழுவுக்கு இரண்டாம் வழியே முதலில் சிலாக்கியமானது.

மதகை ஒட்டியே சங்கம்

திட்டங்கள் எண்ணிக்கையைக் கேட்கின்றன. 2015-ஆம் ஆண்டுத் திட்டம் முதலில் 50 குடியானவர்களையும் 50 ஏக்கரையும் ஒரு தொகுப்பு என்றது. எண்ணிக்கையை நிரப்பும் அவசரத்தில் ஊருக்கு வடக்கே ஐந்து பேரும் தெற்கே ஏழு பேரும், உறவினர் சிலரும், கையெழுத்திட மறுக்காதவர் சிலருமாகச் சேர்ப்பதுண்டு. இத்தகைய சங்கம் காகிதத்தில் நிற்கும், ஆயக்கட்டில் நில்லாது.

காரணம் எளிது. ஏரிப்பாசனத்தில் பல இடங்களில் தனி வாய்க்கால் இல்லை. தண்ணீர் ஒரு வயலில் பாய்ந்து நிரம்பி, வரப்பில் வெட்டிய வாய் வழியே அடுத்த வயலுக்குச் செல்லுகின்றது. மேல்வயல்காரர் திங்கட்கிழமை யூரியா இட்டு, அன்றிரவு தண்ணீர் கட்டினால், அதில் ஒரு பங்கு செவ்வாய்க்கிழமை கீழ்வயலில் இருக்கும். குருணை மருந்தும் அவ்வாறே. கீழ்வயல்காரர் தொழுவுரமும் பசுந்தாளும் தவிர வேறொன்றும் இடாதவராயிருந்தும் அவருடைய நெல் தூயதென்று எவரும் உறுதி சொல்ல முடியாது. இது அவருடைய குற்றமன்று. ஆயினும் நஷ்டம் அவருடையதே.

ஆகையால் ஒரு மதகின் கீழ் ஒரு வாய்க்காலை ஒட்டித் தொடர்ச்சியாக உள்ள நிலங்களையே சங்கமாகக் கொள்ளுதல் வேண்டும். அத்தொடரிலும் தலைமடையிலிருந்து தொடங்குவது உத்தமம். தலைமடைக்காரர் இணங்காவிடில், அவர் வயலின் கழிவுநீரை ஒதுக்கிவிடப் பக்கக்கால் ஒன்று வெட்டவும், எல்லையில் உயிர்வேலியோ ஊடு நிலமோ விடவும் ஏற்பாடு செய்த பின்னரே கீழ்வயல்களைச் சேர்க்கலாம். கிணற்றுப் பாசனத்தில் இத்தொல்லை குறைவு. ஆதலால் ஏரிநீரை எதிர்பாராத சொர்ணவாரி, நவரைப் பட்டங்களில் கிணற்று நிலங்களைக் கொண்டு முதலில் பழகுவதும் புத்திசாலித்தனமே. நீர்க்கட்டியைச் சங்கத்தின் கூட்டங்களுக்கு அழைக்காமலிருப்பது பெரும் பிழை. எந்த வயலின் நீர் எங்கே செல்லுகின்றதென்பதை அவரைவிட நன்கறிந்தவர் இல்லை.

குத்தகைதாரர் நிலை

நிலமுடையோர் நேர்மையாகச் சிந்திக்க வேண்டிய விஷயம் இது. பட்டா ஒருவர் பேரில் இருக்க, ஏர் மற்றொருவர் கையில் இருப்பது சாதாரணம். சான்றுக்கோ நிலத்தின் ஆவணம் வேண்டும். பல ஆண்டுகளின் நடவடிக்கையும் வேண்டும். தேசியத் திட்டத்தின்படி நெல் போன்ற பருவப்பயிர்க்கு விதைப்புக்கு முன் பொதுவாக இரண்டு ஆண்டு மாறுதல் காலமும், மா, தென்னை முதலிய பல்லாண்டுப் பயிர்க்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டும் கழிய வேண்டும். ஆண்டுக்கு இருபோகம் எடுப்பவர், முழுச்சான்று பெறுமுன் நான்கு அறுவடைகளைச் சான்றின் முழுவிலையின்றி விற்க நேரிடும்.

இந்நான்கு போகங்களிலும் எருச் சுமப்பவர் குத்தகைதாரர். களையெடுப்புக் கூலி அதிகமாகக் கொடுப்பவர் அவர். மகசூல் குறைந்தால் தாங்குபவரும் அவர். ஐந்தாம் போகத்தில் நெல்லுக்கு நல்ல விலை வரும் சமயத்தில் நிலம் வேறொருவருக்கு மாற்றப்படுமானால் அதற்குமேல் அநியாயம் வேறில்லை. எழுத்துமூலமான குத்தகையை நிலமுடையோர் தவிர்ப்பதற்குக் காரணம் யாவரும் அறிந்ததே. பதிவு செய்தால் நிலமே கைவிட்டுப் போகுமென்று 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தை எண்ணி அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தின் விலையைக் குத்தகைதாரரே முழுவதும் கொடுக்க வேண்டுமென்பது முறையன்று. மூன்று ஆண்டுக்குக் குறையாத எழுத்துக் குத்தகையும், சான்று வந்தபின் கிடைக்கும் அதிக விலையில் இருவருக்கும் என்ன பங்கு என்ற உடன்படிக்கையும் இல்லாத நிலத்தைச் சங்கத்தில் சேர்க்கலாகாது. இவ்விதியை முதற் கூட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னர் எழுத இயலாது. அப்போது விலை பேசும் காலமாகிவிடும்.

கணக்கும் கட்டுப்பாடும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்கள் உள்ளன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்குக் குடவோலை மூலம் அங்கத்தினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாதென்பது அவற்றிலுள்ள விதிகளில் ஒன்று. அது பிரமதேயத்துச் சபை. எல்லாக் குடிகளுக்கும் அதில் இடமில்லை. இன்றைய சங்கம் அக்குறையைப் பின்பற்றலாகாது. கணக்கு விதியை மட்டும் பின்பற்றினால் போதும்.

சான்றுச் சங்கத்தின் உயிர் கணக்கே. ஒவ்வோர் அங்கத்தினரும் விதை வந்த இடம், எரு இட்ட நாள், தெளித்த பொருள், அறுவடை மூட்டை, விற்ற அளவு ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைத்தல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். வயல் தணிக்கை செய்பவர் தம் உறவினர் வயலையும், தம் வயலைத் தணிக்கை செய்தவர் வயலையும் பார்வையிடலாகாது. தவறினவர்க்குத் தண்டனை இன்னதென்று முன்கூட்டியே எழுதியிருத்தல் வேண்டும். முகதாட்சணியத்தால் ஒருவரை மன்னித்துவிட்டால், வெளித்தணிக்கையில் அகப்படுவது அவர் ஒருவர் மட்டுமல்ல. சங்கம் முழுவதும் சான்றை இழக்கக்கூடும்.

கவனக்குறைவால் கெடும் இடங்கள் சில உண்டு. விதைக் கிடங்கில் வாங்கிய விதை மருந்து கலந்ததா என்று விசாரித்தே வாங்க வேண்டும். யூரியா வந்த சாக்கைக் கழுவி நெல் கட்டும் வழக்கத்தை அறவே நிறுத்த வேண்டும். இரவல் தெளிப்பானில் வேப்பெண்ணெய்க் கரைசலை ஊற்றுவது, பிறர் தெளித்த மருந்தின் மீதியைத் தன் வயலில் தெளிப்பதேயாகும். வாடகைக்கு வரும் கதிரறுக்கும் இயந்திரத்தின் உள்ளே முந்தைய வயலின் நெல் தங்கியிருக்கும். இயந்திரத்தைச் சுத்தம் செய்வித்து, முதலில் வரும் மூட்டையைத் தனியே சாதாரண நெல்லாக விற்றுவிட வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனில் ஒரு பகுதியை உரமாகப் பெறும் வழக்கமுள்ளவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். மானிய உர விற்பனை 2018-ஆம் ஆண்டு முதல் கருவியில் ஆதார் எண்ணோடு பதிவாகின்றது. அண்டை வீட்டாருக்காகத் தம் பேரில் இரண்டு மூட்டை வாங்கிக்கொடுத்த தயாளரும் தணிக்கையில் பதில் சொல்ல நேரிடும்.

மகசூலைப் பற்றிய ஐயம்

மாறுதலின் முதற் போகங்களில் மகசூல் குறைவதுண்டு. இதை மறைத்துப் பேசும் பிரசாரம் நன்மை செய்யாது. நிலத்துக்கு முன்கூட்டியே உரமூட்டிய பின் மாறுவதே பரிகாரம். நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுதல். வரப்புகளில் கிளைரிசிடியா, புங்கம் வைத்துத் தழை ஒடித்தல். அனுமதி பெற்று ஏரி வண்டல் எடுத்து இடுதல். மாட்டுச் சாணத்தை வெயிலில் காயவிடாமல் குழியில் மக்கவைத்தல் ஆகியவை ஓராண்டு முன்னரே தொடங்கத் தக்கவை. தொழுவத்தில் மாடு இல்லாத ஊரில் அங்ககச் சான்றைப் பற்றிப் பேசுவதற்குமுன் மாட்டைப் பற்றிப் பேச வேண்டும். அன்றியும், ஒருவரே ஒரே ரக நெல்லை ஒரு பங்கு அங்ககமாகவும் ஒரு பங்கு சாதாரணமாகவும் பயிரிட்டால் களத்தில் கலப்பு நேரும். சிறிதாகத் தொடங்க விரும்புவோர் அங்கக நிலத்தில் சீரகச் சம்பா, தூயமல்லி போன்ற, பார்த்தவுடன் வேறுபாடு தெரியும் ரகத்தை இடுவது நன்று.

கிராம உத்தியோகஸ்தர்கள் கடமை

கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பயிர் செய்பவர் பேரையும் பயிரையும் நேரில் கண்டு உள்ளபடி எழுதுவாரானால், சங்கத்தின் பாதி ஆவணம் தயாராகிவிடும். ஊராட்சித் தலைவர் பக்கக்கால் வெட்டுவதற்கும் பொதுக் களத்தில் அங்கக நெல்லுக்குத் தனியிடம் ஒதுக்குவதற்கும் உதவலாம். ஓர் ஆண்டில் இத்தனை சங்கம் என்று கணக்குக் காட்டும் ஆவலை அதிகாரிகளும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மதகின் கீழ் பன்னிரண்டு பேர் உறுதியாக நிற்கும் சங்கம், ஐம்பது கையெழுத்துள்ள சங்கத்தைவிட நீடிக்கும்.

விற்கும் வழியை நிச்சயியாமல் சான்றுக்குச் செலவிடுவதும் தகாது. நெல்லாகவே வியாபாரியிடம் அளந்துவிடுபவர்க்குச் சான்றினால் கிடைக்கும் அனுகூலம் அற்பம். அரிசியாக்கிச் சங்கத்தின் பேரால் விற்பவர்க்கே லாபம் மிகும். ஆகவே, தனியே அரைத்துத் தரும் ஆலை எது, வாங்குவோர் யார் என்பதை மாறுதல் காலத்திலேயே விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்த சம்பாப் பட்டத்துக்கு ஏரி நிரம்புவதற்குமுன், ஒரு மதகின் கீழுள்ள நிலமுடையோரும் குத்தகைதாரரும் நீர்க்கட்டியும் ஓரிடத்தில் கூடி, வாய்க்கால் வரைபடத்தை விரித்து, எந்த வயலின் நீர் எந்த வயலுக்குச் செல்லுகின்றதென்று கோடிட்டுப் பார்ப்பார்களாக. அவ்வரைபடத்தில் எல்லோரும் கையெழுத்திடச் சம்மதிக்கும் ஊரில் சான்றுக்கு விண்ணப்பம் எழுதலாம். சம்மதியாத ஊரில் இன்னும் ஓராண்டு பேசிப் பார்ப்பதே நலம்.