விண்டோஸ் 10 போனது, 4 ஜிபி மெஷின் போகவில்லை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. அன்று முதல் வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: நம் மென்பொருளின் அடுத்த பதிப்பை ‘விண்டோஸ் 11 மட்டும்’ என்று வெளியிட்டுவிடலாமா? கூடாது என்பது இந்த இதழின் நிலை.

டிபிஎம் 2.0, எட்டாம் தலைமுறை இன்டெல் போன்ற நிபந்தனைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். 32-பிட் விண்டோஸ் 11 என்று ஒன்று கிடையாது. ஆகவே என்டிவிடிஎம் புண்ணியத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டாஸ் ஃபாக்ஸ்புரோ சம்பளப் பட்டியல்களுக்கு 32-பிட் விண்டோஸ் 10-தான் கடைசி நிறுத்தம். அதற்காகக் கண்ணீர் விட வேண்டாம்; டிபிஎஃப் ஃபைலிலிருந்து டேட்டாவை எடுப்பது ஒரு வார வேலை. விபி6 வைத்திருப்பவர்களும் பதற வேண்டியதில்லை, ரன்டைமுக்கு விண்டோஸ் 11-லும் ஆதரவு உண்டு.

நம்மை உறுத்துவது மெமரி. 64-பிட் விண்டோஸ் 10-க்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி, விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, ‘இனி எல்லாரும் 8 ஜிபிக்கு வந்துவிடுவார்கள், நாம் தாராளமாக எழுதலாம்’ என்ற முடிவுக்கு நம்மில் பலர் போயாகிவிட்டது. “ரேம் மலிவுதானே, இன்னொரு ஸ்டிக் போட்டுக்கச் சொல்லுங்க” என்பது நம் தொழிலின் தேசிய கீதம். அந்த மலிவும் போய்விட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் டிரேமை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் விலை எகிறியது. டிசம்பர் 3-ஆம் தேதி, குரூஷியல் பெயரில் நுகர்வோருக்கு ரேம் விற்கும் தொழிலையே விட்டுவிடுவதாக மைக்ரான் அறிவித்தது. கோவை கணபதியில் ஃபவுண்டரி நடத்துபவரிடமும் சோமனூரில் தறி ஓட்டுபவரிடமும் போய் ‘மலிவுதானே’ என்று இப்போது யார் சொல்வது?

மெமரியை விழுங்குவதில் ஸ்பிளாஷ் திரைக்குத் தனிப்பங்கு உண்டு. லோகோ, பதிப்பு எண், ஓடுகிற ஒரு பட்டை, காட்டிவிட்டு மறைய வேண்டிய சமாசாரம். விபி.நெட்டில் மினிமம் ஸ்பிளாஷ் ஸ்கிரீன் டிஸ்ப்ளே டைம் நாம் தொடாதவரை 2,000 மில்லி விநாடிதான். இப்போதோ திரை முழுக்கப் படம் வைக்கிறார்கள். 300 கேபி ஜேபெக்தானே என்கிறார் டிசைனர். டிஸ்கில்தான் அது 300 கேபி. மெமரியில் விரிந்தால் 1920-க்கு 1080, பிக்சலுக்கு 4 பைட், ஆக 82,94,400 பைட். 4கே படமென்றால் 3 கோடியே 31 லட்சத்தைத் தாண்டும். சரி, திரை மறைந்ததும் இது காலியாகுமா என்றால், ஆகாது. ஸ்பிளாஷ் ஃபார்மையே அப்ளிகேஷன்.ரன்னுக்குக் கொடுத்து, மெயின் ஃபார்ம் வந்ததும் ஹைட் மட்டும் போட்டுவிடுகிறார்கள். டிஸ்போஸ் ஆகாத படம் கடை சாத்தும்வரை உள்ளேயே கிடக்கும். விபி6-லும் இதே கதைதான்: அன்லோட் செய்தாலும், நத்திங் என்று செட் செய்யாதவரை ஃபார்மின் மாட்யூல் மாறிகள் உயிரோடு இருக்கும். இது கற்றுக்குட்டிப் பாடம். ஆனாலும் விற்பனைக்கு வரும் மென்பொருள்களில் தினமும் பார்க்கிறோம்.

படத்தையாவது மன்னிக்கலாம். அந்தப் படம் தெரியும் நேரத்தில் பின்னால் நடப்பது கொள்ளை. ஐட்டம் மாஸ்டர் முழுக்க ஒரு டேட்டாடேபிளில். எல்லாக் கஸ்டமரின் லெட்ஜரும் இன்னொன்றில். முதல் பில் வேகமாக அச்சாக வேண்டுமென்று கிரிஸ்டல் ரிப்போர்ட் எஞ்ஜினை முன்கூட்டியே எழுப்பி வைப்பது. முகப்பில் நாலு கட்டம் காட்டுவதற்காக வெப்வியூ2-வை ஏற்றி, பிரௌசர், ஜிபியு, ரெண்டரர் என்று தனித்தனி பிராசஸ்களை வரவழைப்பது. இதே 4 ஜிபி மெஷினில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் தன் பஃபர் பூலுக்கு 1,410 எம்பி வரை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் விண்டோஸ், ஆன்டிவைரஸ், வாட்ஸ்அப், பிரௌசரில் ஜிஎஸ்டி போர்ட்டல். பட்டை ஓடிக்கொண்டே இருக்கிறது, ‘லோடிங், ப்ளீஸ் வெயிட்’.

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் ஒரு துணிக்கடைக்காரர் தன் பில் மென்பொருளைப் பற்றிச் சொன்னார்: “காலைல சுறுசுறுன்னு ஓடுதுங்க. சாயந்தரம் கூட்டம் வர்ற நேரம் பாத்து மக்கர் பண்ணுதுங்க. மூடித் தொறந்தா மறுபடி நல்லா ஓடுதுங்க.” டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் நெடுவரிசையைத் திறந்து வைத்துவிட்டுக் கல்லாவருகே நின்றால் போதும், காரணம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பில்லுக்கும் எண் ஏறுகிறது, இறங்குவதே இல்லை. ஷோடயலாக்கில் திறந்த ஃபார்ம், மூடினாலும் தானாக டிஸ்போஸ் ஆகாது. போதாக்குறைக்கு ஒரு ஸ்டேட்டிக் ஈவென்ட்டில் மாட்டிய ஹேண்ட்லரைக் கழற்றவில்லை. கார்பேஜ் கலெக்டர் என்னதான் செய்யும்? எண் 10,000-ஐ நெருங்கியது. பில் போடும் கிரிட் இருந்த இடத்தில் வெள்ளைப் பெட்டியும் அதில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறியும் வந்து நின்றன. இந்த மெஷினில் 16 ஜிபி போட்டாலும் அந்தக் குறி வரும். ஜிடிஐ வரம்பு பிராசஸுக்கு, ரேமுக்கு அல்ல.

மெமரி வீக்கத்துக்கு மருந்தாகச் சிலர் டைமரில் செட்பிராசஸ்வொர்க்கிங்செட்சைஸை அழைத்து மைனஸ் ஒன்று, மைனஸ் ஒன்று கொடுக்கிறார்கள். டாஸ்க் மேனேஜரில் எண் சரிந்து கஸ்டமர் மனம் குளிர்கிறது. கமிட் ஒரு பைட்கூடக் குறைவதில்லை. தொட்டவுடன் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர, பழைய ஹார்ட் டிஸ்க் கரகரக்கிறது. ஒரு நிரலாளர் இதைத் தெரிந்தே செய்தால் அதற்குப் பெயர் ஏமாற்று.

அதிகாரத்தில் இருப்பவர்களையும் விடுவதற்கில்லை. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் அணைக்கவே முடியாத எடிட் லாக் வேண்டும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 மார்ச்சில் விதி போட்டது. இருமுறை தள்ளி வைத்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. நல்ல விதிதான். ஆனால் கணக்கை எட்டு நிதியாண்டுகள் வைத்திரு என்ற சட்டமும் சேரும்போது லாக் டேபிள் எவ்வளவு வீங்கும், அதை எந்த மெஷினில் திறப்பார்கள் என்று யாராவது யோசித்தார்களா? விதி எழுதுபவரின் மேசையில் எப்போதும் புது மெஷின்தான் இருக்கும். பழைய மெஷினின் பாதுகாப்பு விஷயத்திலும் இதே கதைதான். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கும் தனிநபர்களுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை இலவசம். மற்றவர்கள் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்க வேண்டும், அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளியோ 30 டாலரோ தர வேண்டும். நிறுவனங்களுக்கு மெஷினுக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு இரட்டிப்பு, அதற்கடுத்த ஆண்டு மறுபடியும் இரட்டிப்பு. மூன்றாண்டுக்கு 427 டாலர். அந்த மெஷினையே அந்த விலைக்கு எவரும் வாங்க மாட்டார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன, கிடைத்தது. பீளமேட்டு பம்ப் கம்பெனிக்காகவும் இடையர் வீதி நகைப் பட்டறைக்காகவும் சண்டை போட வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி வாங்கிக்கொள்வதிலும் அவர்களுக்குக் குறைவில்லை.

டெல்லியையும் ரெட்மண்டையும் நாம் அசைக்கப் போவதில்லை. நம் கையில் இருப்பதைச் செய்யலாம். இந்த இதழுக்கு மதிப்புரை எழுதுபவர்கள் இனி 4 ஜிபி மெஷினில் மென்பொருளைக் காலையில் திறந்து, மாலைவரை மூடாமல் பில் போட்டுப் பார்த்த பிறகே எழுதுவார்கள். ஸ்பிளாஷ் தோன்றியதிலிருந்து முதல் பில் அடிக்க முடிந்ததுவரை ஆன விநாடிகள், காலை கமிட், மாலை கமிட், ஜிடிஐ எண்ணிக்கை நான்கும் மதிப்புரையின் தலைப்பிலேயே அச்சாகும். அட்டை விளம்பரம் கொடுப்பவர்களின் மென்பொருளுக்கும் இதே விதிதான். சிலர் இப்போதே போன் செய்து கேட்டுவிட்டார்கள்; அவர்களுக்கும் இதுவே பதில்.