எங்கெங்கே பார்த்தீங்க டாக்டர்?

என் மகள் மாதவிலக்கு வந்தாலே வலியில் துடிப்பாள். லேப்ராஸ்கோப்பியில் பார்த்த டாக்டர், 'ஒண்ணுமில்லம்மா' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர், சினைப்பையைத் தூக்கி அடியிலும், கர்ப்பப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்திலும் பார்த்தபோதுதான் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற சதை வெளியே வளருவதாம். பிள்ளை பெறும் வயதில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு வருகிறதாம்!

கர்ப்பப்பையின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு சினைப்பை, குழாய்கள், குடல் என்று எல்லா டாக்டர்களும் ஒரே வரிசையில் பார்த்து, ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுத்துத் தரவேண்டும் என்று விதி இருந்தால் என்ன? கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்காமல் 'வீடு பெருக்கியாச்சு' என்று நாம் சொல்வோமா? சகோதரிகளே, கேட்கத் தயங்காதீர்கள்!

- ஒரு தாய், திருச்சி.