பழைய வண்டியும் பாரக் குறைப்பும்

பழமையைப் போற்றுதல் நன்று. ஆயின் போற்றும் முறை அறியாது போற்றுதல் அப்பழமைக்கே கேடாய் முடியும். இஃது ஏட்டுச் சுவடிகளுக்கு எத்துணை உண்மையோ, இயந்திரங்களுக்கும் அத்துணை உண்மையாம். அரை நூற்றாண்டிற்கு முன் ஜப்பானியர் இயற்றிய விரைவுக் கார்களைத் தேடியெடுத்து, துருப் போக்கி, மீண்டும் உயிர்ப்பித்து, எடையையும் குறைத்துப் பொதுச் சாலையில் ஓட்டி மகிழ்வார் இந்நாளிற் பல நாடுகளிலும் உளர். இவ்விருப்பத்தை யாம் குறை கூறேம். ஆயினும், எடையை எவ்விடத்து எவ்வளவு குறைத்தல் தகும் என்னும் வினாவிற்கு அவருட் பலர் தக்க விடை காணாது வாளை எடுத்துவிடுகின்றனர் என்பதே எம் கருத்து.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைக் கொள்வோம். 1969-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நிஸ்ஸான் நிறுவனத்தார் ஜப்பானில் 'பேர்லேடி இசட்' என்னும் இருவர் அமரும் காரை வெளியிட்டனர். அயல்நாடுகளுக்கு அது 'டாட்சன் 240 இசட்' என்னும் பெயரோடு சென்றது. அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் அலுவலை நடத்திய யுட்டாகா கட்டயாமா என்பார், முன்னைப் பெயர் அந்நாட்டார்க்கு ஏலாதெனக் கண்டு இப்பெயரையே நிலைநாட்டினார். நேர்வரிசையில் நின்ற ஆறு சிலிண்டர்களும், 2,393 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், இரண்டு கார்புரேட்டர்களும் உடையது அதன் எஞ்சின். நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேடுபள்ளத்திற்கு இசைந்து கொடுக்கும் அமைப்புடையன. எடையோ ஏறத்தாழ 1,050 கிலோகிராம். இவ்வண்டியே 1971-ஆம் ஆண்டிலும் 1973-ஆம் ஆண்டிலும் கிழக்காப்பிரிக்க சபாரி ரேலியில் முதலிடம் பெற்றது. 1973-இல் அதனைச் செலுத்தி வென்ற சேகர் மேத்தா இந்திய மரபினர். ஆகவே, எளிமையும் வலிமையும் இவ்வண்டிக்குப் பிறர் புதிதாக அளிக்க வேண்டுவன அல்ல. அவை அதன் பிறவிக் குணங்களேயாம்.

பின்னர் எடை எங்ஙனம் கூடிற்று? 1973, 1974-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்கு அமெரிக்க அரசியலார் பம்பர்களின் வலிமை பற்றிக் கடுமையான விதிகளை வகுத்தனர். அதனால் 260 இசட், 280 இசட் என்னும் பிற்கால வண்டிகள் அந்நாட்டிற்கென்று தடித்த பம்பர்களைத் தாங்கலாயின. இவையன்றி, உரிமையாளர் பலர் கைமாறி வருங்கால் ஏற்றப்பட்ட சுமைகளும் பல: துருவின்மேல் ஒட்டிய இரும்புத் தகடுகள், பள்ளத்தை மறைக்கப் பூசிய பட்டிக் குழம்பு, அடித்தளத்திற் படிந்த தார்ப்பூச்சு, இசைப்பெட்டிகள், அவற்றிற்கென இழுத்த கம்பிகள் எனப் பலவாம்.

தமிழ் பயிலும் எமக்கு இந்நிலை பதிப்புத் தொழிலை நினைவூட்டுகின்றது. 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கியே பாடங்களைத் தெளிந்தார்கள். ஏடெழுதினோர் பிழையைக் களைவதும் பிற்காலத்தார் இடைச்செருகலை விலக்குவதும் பதிப்பாசிரியர் கடமை. அது கருதி, நூல் நீளமாயிருக்கின்றதென்று ஆசிரியர் வாக்கையே ஒருவர் வெட்டுவராயின், அவரைப் பதிப்பாசிரியரென எவரே கூறுவர்? பழைய வண்டியைத் தொடுவோர்க்கும் இந்நெறியே உரியது. இடைச்செருகலைக் களைக, மூலத்தை வெட்டற்க. இது எம் முதற் கொள்கை.

இரண்டாவது, உயிர்ப்பித்தல் முன்னும் எடை குறைத்தல் பின்னுமாக நிகழ்தல் வேண்டும். பல ஆண்டுகள் கொட்டகையிற் கிடந்த வண்டியின் சாவியை எடுத்த எடுப்பில் திருப்புதல் பேதைமை. சிலிண்டர்களிற் சிறிது எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். பெட்ரோல் தொட்டியில் துருவும் பிசினும் சேர்ந்திருக்கும். அதனைத் துப்புரவு செய்யாது ஓட்டின் அவ்வழுக்குக் கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அவ்வீரத்தால் குழாய்களும் சிலிண்டர்களும் உள்ளேயே அரிக்கப்படும். ரப்பர்க் குழாய்கள் வெளியே நன்றாய்த் தோன்றினும் உள்ளே வெடித்திருத்தல் கூடும். டயர்களோ, தேயாதிருப்பினும் முதுமையால் இறுகிப் பிடிப்பிழக்கும். 2000-ஆம் ஆண்டிற்குப் பின் செய்யப்பட்ட டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உள. முன்னிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். அதனைப் படித்தறியாது பழைய டயரில் விரைந்து செல்வார் தம்முயிரோடு பிறருயிரையும் பணயம் வைக்கின்றனர். இவ்வகைக் கார்களில் நெடுஞ்சட்டங்களும், தரைத் தகடும், பேட்டரியைத் தாங்கும் தட்டும் துருவிற்கு எளிதில் இரையாவன. சட்டம் இற்ற வண்டியிலிருந்து பத்துக் கிலோ குறைத்துப் பெருமை பேசுதல், அடித்தளம் இடிந்த மாளிகைக்குச் சுண்ணம் தீட்டுதலை ஒக்கும்.

இனி, எடை குறைதலால் விளையும் நன்மையைக் கணக்கிட்டுக் காண்போம். 1,050 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் ஓடுங்கால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4,05,000 ஜூல். நூறு கிலோவைக் குறைப்பின் அது ஏறத்தாழ 3,67,000 ஜூலாகும். வண்டியை நிறுத்துங்கால் பிரேக்குகள் தாங்கவேண்டிய வெப்பம் அவ்வளவிற்குக் குறையும். அதே எஞ்சின் வண்டியை முன்னிலும் விரைவில் முடுக்கும். சக்கரங்களே இலேசாயின் அவை சாலையின் மேடுபள்ளத்தை விடாது தழுவிச் செல்லும். இவையெல்லாம் மெய்யான பயன்களே. ஆயின் மற்றொன்றும் காண்க. எடையை ஒரு சிறிதும் குறையாது, விரைவை மட்டும் 100-இலிருந்து 95-ஆகத் தணிப்பினும் ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் குறைகின்றது! நூறு கிலோ இரும்பை அறுத்துப் பெறும் காப்பை, வலக்காலைச் சிறிது தளர்த்தியே பெறலாம். பொதுச் சாலையில் ஓட்டுவோன் இக்கணக்கை மறத்தலாகாது.

எவற்றைக் குறைக்கலாம்? தார்ப்பூச்சை உரித்தெடுக்கலாம், அதன்கீழ் ஒளிந்திருக்கும் துருவும் அப்பொழுதே வெளிப்படும். பழைய பேட்டரிக்கு மாற்றாக இலேசான பேட்டரியும், இரும்புச் சக்கரத்திற்கு மாற்றாகத் தக்க வலிமையுள்ள அலுமினியக் கலவைச் சக்கரமும் பூட்டலாம். சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில், தடித்த பம்பரை அகற்றி முதல் வண்டியின் மெல்லிய பம்பரை அமைக்கலாம். இவையனைத்தும் திருகாணிகொண்டு கழற்றவும் மீட்டும் பூட்டவும் கூடியவை. கழற்றியதைப் பரணில் வைத்துப் பேணுதலும் கடமையேயாம்.

எவற்றைத் தொடலாகாது? இருக்கைக் கச்சையையும், அதனைத் தாங்கும் தளத்தையும், கதவின் உட்சட்டத்தையும், மழைத்துடைப்பானையும், கண்ணாடியின் பனியைப் போக்கும் வெப்பக்காற்றுக் கருவியையும் தொடலாகாது. தூண்களையும் சட்டங்களையும் துளையிட்டு இலேசாக்குதல் முற்றும் தகாது. அறுத்த உருக்கு மீண்டும் பழைய உருக்காதல் இல்லை.

'நிஸ்ஸான் நிறுவனத்தாரே எடை குறைத்திலரோ?' என்று ஒரு சாரார் வினவுவர். ஆம், குறைத்தனர். 'இசட் 432-ஆர்' என்னும் வண்டிக்குக் கண்ணாடியிழைப் பானெட்டும் அக்ரிலிக் சன்னல்களும் அமைத்தனர். ஆயின் அது பந்தயத்தை நோக்கிப் பிறந்தது. பந்தயக் களத்தில் எதிரே வண்டி வாராது. குழந்தை குறுக்கே ஓடாது. ஓட்டுவோன் தலைக்கவசம் பூண்டிருப்பன். தீயணைப்போர் அருகே நிற்பர். இக்காவல்கள் சந்தைத் தெருவிற்கு உண்டோ? களத்திற்குரிய வேடத்தைத் தெருவிற் புனைதல் பொருந்தாது.

'எம் பொருள், எம் விருப்பம்' என்பார் மற்றொரு சாரார். சாலை அவர் பொருளன்று. வண்டியும் ஒருவகையில் அவருக்கு முன்னிருந்தோர் விட்டுச்சென்றதும் பின்வருவோர்க்குச் சேரவேண்டியதுமான அடைக்கலப் பொருளே. உக்கிராணக்காரன் தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டதற்குக் கணக்குச் சொல்லவேண்டியவன் என்பதைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஜப்பானிலும் இப்பொறுப்பு உரிமையாளர் விருப்பத்திற்கே விடப்படவில்லை. அங்கே சொந்தக் கார்கள் புதிதாக வாங்கிய மூன்றாண்டிலும், பின்னர் இரண்டாண்டிற்கொரு முறையும் அரசாங்கப் பரிசோதனைக்கு உட்படுகின்றன. குறித்த அளவிற்கு மேல் எடை மாறின் அதனையும் காட்டித் தனியே ஒப்புதல் பெறல் வேண்டும். இவ்விதியைத் தொல்லையென்று முனகுவோர் பலர். யாமோ அதனைப் பதிப்பின் பிழைதிருத்தம் போன்றதெனக் கொள்கின்றோம்.

நிஸ்ஸான் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையாரே 1990-களின் பிற்பகுதியிற் பழைய 240 இசட் கார்களை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு, மீண்டும் விற்கும் முயற்சியொன்றை மேற்கொண்டனர். முதல் வடிவின் எளிமையே அவ்வண்டிகளை வாங்கினோரை ஈர்த்தது. எனவே, பழைய காரை உயிர்ப்பிக்க முனையும் அன்பர்கள் முதலில் அதன் பிரேக்கையும் டயரையும் சட்டத்தையும் செம்மை செய்வாராக. பின்னர்ப் பிற்காலத்தார் ஏற்றிய சுமையை இறக்குவாராக. மூலத்தில் எது உண்டோ அதனை அடுத்த தலைமுறைக்கு முழுமையாய்க் கையளிப்பாராக. அதன்மேலும் இலேசாக்க வேண்டுமென்னும் வேட்கை எஞ்சுமாயின், தம் விரைவை முதலிற் குறைத்துப் பார்ப்பாராக.