காலைல மட்டும் மக்கர்!

நாள் முழுக்க சமத்தா ஓடுற கார், காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் 'ர்ர்ர்... ர்ர்ர்...'னு முக்கிட்டு நிக்குதா? பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம் திறக்குற அளவுக்கு செல்ஃப் போட்டு, எட்டாவது தடவை இருமிக்கிட்டே உயிர் வந்து, அப்புறம் ராத்திரி வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாம ஓடுதா? வாங்க மக்களே, இந்த வாரம் உங்க வீட்டு ஷெட்டுக்குள்ளதான் நாம!

அதுலயும் ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ரோட்டை நிறைச்ச பழைய எம்.பி.எஃப்.ஐ. வண்டிங்க இருக்கே... வீட்டுல பெரியவங்களை ரொம்பவே குழப்பும். கார்பரேட்டர் காலத்துல சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை ரெண்டு மிதி மிதிச்சு, சாவியைத் திருப்புவாங்க. மிதிக்கும்போது உள்ளே ஒரு குட்டி பம்ப் நிஜமாவே பெட்ரோலைப் பீய்ச்சும். அதே ஞாபகத்துல நம்ம அப்பாக்கள் இன்ஜெக்‌ஷன் வண்டியிலயும் தையல் மெஷின் ஓட்டுற மாதிரி மிதிக்கிறாங்க. சாவியே போடாதப்ப எவ்வளவு மிதிச்சாலும் ஒரு சொட்டு பெட்ரோல்கூட உள்ளே போகாது. கால் வலிதான் மிச்சம்!

சரி, குளிர்ல அப்படி என்ன பிரச்னை? பெட்ரோல் திரவமா எரியாது. ஆவியாகி காத்தோட கலந்தாத்தான் எரியும். இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது பாதி பெட்ரோல் இன்டேக் சுவத்துலயே ஒட்டிக்கும். அதனால குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜெக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்து அதிக பெட்ரோல் விடணும். எவ்வளவு நேரம்னு முடிவு பண்றது ஈ.சி.யூ.ங்கிற கம்ப்யூட்டர். அதுக்குக் கண்ணும் இல்ல, தொட்டுப் பார்க்கக் கையும் இல்ல. இன்ஜின் சூடா, ஜில்லானு கூலன்ட் சென்சார்னு ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் சொல்றதை அப்படியே நம்பும்.

இந்த இடத்துலதான் எங்க ஹாஸ்டல் 'வர்க்கி' வர்றான். ஊட்டிக்காரன். லீவுக்குப் போயிட்டு வந்தா ஒரு டின் வர்க்கியோட வருவான். பேர் வந்த கதை அவ்வளவுதான் (2023-ல புவிசார் குறியீடு வாங்கின அதே ஊட்டி வர்க்கிதான்). அவன் அப்பா சின்னதா பேக்கரி வெச்சிருக்கார். 2004 மாடல் கார், பின் சீட்டை மடக்கிட்டு டின்களை அடுக்கி, விடியறதுக்குள்ள டீக்கடைகளுக்குப் போட்டுட்டு வந்துடுவார். டிசம்பர்ல இருந்து கார் விடியக்காலையில அடம்பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தை ராத்திரியில பூஜ்யம் டிகிரியைத் தொடுற ஊர். அங்கே காலை நாலரை மணிக்கு ஒரு வண்டியை எழுப்புறது லேசுப்பட்ட வேலையா?

பொங்கல் லீவுக்கு அவன் வீட்டுக்குப் போனப்ப அவர் சொன்னார்... "கடைக்காரங்க அஞ்சரைக்கு டீ போட ஆரம்பிச்சிடுவாங்க தம்பி. நான் ஏழு மணிக்கு வர்க்கி கொண்டுபோனா யாருக்கு வேணும்? ரெண்டு கடை வேற பேக்கரிக்கு மாறிட்டாங்க. இந்த மாசம் பார்ப்பேன், அப்புறம் வண்டி காயலான் கடைக்குத்தான்."

அவர் ஒண்ணும் சும்மா இருக்கலை. ஒர்க்‌ஷாப்ல புது பேட்டரி, புது பிளக், இன்ஜெக்டர் கிளீனிங்னு மொத்தம் 9,000 ரூபாய் கரைஞ்சிருந்தது. அடுத்து ஃபியூயல் பம்ப்பை மாத்தலாம்னு சொல்லியிருக்காங்க. அவங்க மேலயும் முழுசாக் குறை சொல்ல முடியாது பாஸ்! பதினோரு மணிக்கு வண்டி அங்கே போய் நிக்கும்போது இன்ஜின் சூடா இருக்கும், பாதி செல்ஃப்ல பிடிச்சுக்கும். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட கதைதான். இந்த நோய்க்கு ஒரே சாட்சி, ராத்திரி முழுக்க நின்ன வண்டியோட முதல் ஸ்டார்ட். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அந்த சாட்சி பேசும். ஒரு தடவை ஓடிட்டா, அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்கணும்.

மறுநாள் நாலரை மணி. செல்போன் 4 டிகிரி காட்டுது. பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி காதைத் திறந்தோம். செல்ஃப் 'ங்ங்ங்...ஙொ...'னு சோம்பலா சுத்தினா பேட்டரி, டெர்மினல் அழுக்கு, ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் போகணும். முழு சார்ஜ் பேட்டரி நிக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்கும், செல்ஃப் போடும்போது 10-க்கு ரொம்பக் கீழே விழக் கூடாது. இங்கே செல்ஃப் சுறுசுறுப்பா சுத்துச்சு. பேட்டரி நிரபராதி. (அதுக்குக் குடுத்த காசை நினைச்சுப் பெருமூச்சு விட்டார் அப்பா!)

அடுத்தது, ஒரு பைசா செலவில்லாத சோதனை. சாவியை 'ஆன்'ல வெச்சா பின்பக்கம் டேங்க்ல பம்ப் ரெண்டு செகண்ட் 'ஊம்ம்'னு பாடும். பாடி முடிச்சதும் ஆஃப். மறுபடி ஆன். இப்படி மூணு தடவை செஞ்சுட்டு செல்ஃப் போடணும். டக்குனு பிடிச்சுக்கிட்டா, ராத்திரியில பைப்ல பிரஷர் இறங்கிப் போகுதுனு அர்த்தம். பம்ப் வால்வோ, ரெகுலேட்டரோ, ஒழுகுற இன்ஜெக்டரோ, மூணுல ஒண்ணு. எங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆக, பம்ப்பை மாத்தியிருந்தா அந்தக் காசும் கோவிந்தா!

ஒருவேளை பெட்ரோல் அதிகமாகி மூச்சு முட்டுதோ? ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டே செல்ஃப் போட்டா, நிறைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள்ல கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திட்டு காத்தை மட்டும் விடும். அதுல ஸ்டார்ட் ஆச்சுன்னா பெட்ரோல் ஓவர். பச்சைப் பெட்ரோல் வாசமும், கறுப்புப் புகையும் கூடவே வரும். இங்கே வாசமும் இல்லை, புகையும் இல்லை. பிளக்கைக் கழட்டிப் பார்த்தா ஈரமே இல்லாம காய்ஞ்சு கிடக்கு. கரண்ட் நல்லாவே வருது. அப்போ பெட்ரோல் பத்தலை. பம்ப்பும் பிரஷரும் சரின்னா, கம்ப்யூட்டர்தான் கஞ்சத்தனம் பண்ணுது. ஏன்?

அப்பத்தான் அவர் பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னார். "இந்தக் குளிர்லயும் ரேடியேட்டர் ஃபேன் எப்பப் பாரு ஓடிட்டே இருக்கும் தம்பி. நல்லதுதானேனு விட்டுட்டேன்." மின்னல் வெட்டுச்சு! அந்த வண்டியில ஃபேனைப் போடச் சொல்றதும் அதே கம்ப்யூட்டர், அதே சென்சாரை நம்பித்தான். ஊட்டிப் பனியில ஃபேன் ஓயாம ஓடுதுன்னா, இன்ஜின் கொதிக்குதுனு யாரோ அதுகிட்ட பொய் சொல்றாங்க.

மல்ட்டிமீட்டரை எடுத்தேன். இந்த சென்சார்ல குளிர ரெசிஸ்டன்ஸ் ஏறும், சூடாக இறங்கும். பெரும்பாலான வண்டிகள்ல 20 டிகிரிக்கு 2-ல இருந்து 3 கிலோ ஓம், 80 டிகிரிக்கு 300 ஓம் பக்கம். அன்னிக்கு இருந்த குளிருக்கு 4, 5 கிலோ ஓம் வந்திருக்கணும். மீட்டர் காட்டினது 480 ஓம்! அதாவது உறைஞ்சு கிடந்த இன்ஜினை, 'அறுபத்தஞ்சு டிகிரிக்கு மேல சூடா இருக்கேன்'னு சென்சார் சொல்லிட்டிருக்கு. சூடான இன்ஜினுக்கு எதுக்கு எக்ஸ்ட்ரா பெட்ரோல்னு கம்ப்யூட்டரும் மடியை இறுக்கிக் கட்டிக்கிச்சு. எட்டு தடவை செல்ஃப் போட்டப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆவி சேர்ந்து பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

உறுதி பண்ண என்ன பண்ணோம் தெரியுமா? சென்சார் ஒயரைக் கழட்டிட்டு, அதோட கனெக்டர்ல ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சொருகினோம். எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல நாம தொலைச்சுக்கிட்டே இருப்போமே, மஞ்சள்-ஊதா-சிவப்பு... அதேதான். விலை ஒண்ணோ ரெண்டோ ரூபாய். சாவியைத் திருப்பினதும் ஒரே செல்ஃப்... 'ப்ர்ர்ரூம்'! அப்பா கையில இருந்த டார்ச் கீழே விழுந்துடுச்சு. உடனே ஆஃப் பண்ணி ரெசிஸ்டரை எடுத்துட்டோம். இதை மட்டும் மறக்கவே கூடாது. அதோடயே ஓட்டினா இன்ஜின் எவ்வளவு கொதிச்சாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, ஃபேன் ஓடாது. ஹெட் கேஸ்கெட் காலி.

புது சென்சார் 600 ரூபாய். இன்ஜின் ஆறினப்புறம் மாத்தினது. ரெண்டு டீக்கடையில ஒண்ணு திரும்பி வந்துடுச்சு. இன்னொண்ணு இன்னும் வரலை.

"மீட்டர்ல முள் சரியாத்தானே காட்டுச்சு?"னு நீங்க கேட்கலாம். நிறைய பழைய வண்டிகள்ல டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேற ஒண்ணு. முள்ளை வெச்சு முடிவு பண்ணாதீங்க. 'செக் இன்ஜின்' லைட்டும் இங்கே உதவலை. ஒயர் அறுந்திருந்தா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு லைட்டைப் போட்டிருக்கும். 65 டிகிரிங்கிறது நம்பக்கூடிய பொய், அதனால மாட்டலை!

உங்க வண்டியில கதை வேற மாதிரியும் இருக்கலாம். ஸ்டார்ட் ஆகி, ரேஸ் கொடுக்காட்டி உடனே ஆஃப் ஆகுதுன்னா த்ராட்டில் பாடி அழுக்கும், ஐடில் வால்வும்தான் முதல் சந்தேகம். மழை, பனிமூட்டம் இருந்தா மட்டும் மக்கர்னா, பிளக் ஒயர்ல விரிசல் இருக்கும். இருட்டுல பானெட்டைத் திறந்து செல்ஃப் போடச் சொன்னா நீலப் பொறி தெறிக்கிறது தெரியும் (கையை வெச்சுடாதீங்க சாமி!). இப்போ பெட்ரோல்ல கலக்குற எத்தனாலும் குளிருக்கு ஆகாத பார்ட்டிதான். ஆவியாக பெட்ரோலைவிட அதிக சூடு கேட்கும். ஆனா ஊரெல்லாம் அதே பெட்ரோல் போட்டு ஓடும்போது உங்க கார் மட்டும் படுத்தா, முதல்ல காரைத்தான் சந்தேகப்படணும்.

ஆன்லைன்ல விக்குற ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கலாமானு கேட்டு நிறைய ஜூனியர்ஸ் பிடுங்குறாங்க. நம்ம நாட்டுல ஓ.பி.டி. கட்டாயம் ஆனதே 2010-ல பி.எஸ்.4 வந்தப்பத்தான். அதுக்கு முந்தின நிறைய வண்டிகள்கிட்ட அந்த ஸ்கேனர் பேசவே பேசாது. மல்ட்டிமீட்டர் அதைவிட சீப், எல்லா வண்டிக்கும் ஆகும். மீட்டர்கூட வேணாம், மெக்கானிக்கே பார்க்கட்டும்னா, முதல் நாள் சாயங்காலமே வண்டியை அவர் ஷெட்ல விட்டுட்டு வந்துடுங்க. காலையில முதல் சாவியை அவர் திருப்பட்டும்!